அங்கம்மாவின் வாய்

எங்கள் தெருவில் ஒரு குழந்தை வாயைத் திறந்து சிரித்தால் போதும், அது யாரிடம் வளர்ந்த குழந்தை என்று சொல்லிவிடலாம். மேல்வரிசை முன்பற்கள் கறுத்து, ஈறுவரைக்கும் தேய்ந்து, மிளகைப் பதித்துவைத்த மாதிரி இருந்தால் அது அங்கம்மாவிடம் வளர்ந்தது. "அங்கம்மா புள்ள போவுது பாரு" என்று சொல்லிச் சிரிப்போம். குழந்தையும் சிரிக்கும், பெற்றவளும் சிரிப்பாள். பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடப் போகிறது என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அங்கம்மா தொண்ணூற்றெட்டில் இறந்துபோனாள். இப்போது அவள் பேச்சை எடுத்தால் எல்லாரும் உச்சுக்கொட்டுகிறார்கள். "தங்கமான பொம்பள" என்கிறார்கள். இந்தத் தங்கத்தை அவள் உயிரோடு இருந்தபோது எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். கேட்டால் தெருவில் சண்டை வரும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தெரு திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், எண்பதுகளின் தொடக்கத்தில் வயலை மனை போட்டு விற்ற இடம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினேன். பெரும்பாலும் இரண்டாவது ஷிப்ட். காலையிலிருந்து மதியம் வரை வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அங்கம்மா வீடு நேர் எதிரே. பேப்பரில் பாதி, எதிர்வீட்டில் பாதி என்று என் காலைகள் கழிந்தன. பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் காது கேட்கும். அங்கம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

அவள் பிறந்தது அயனம்பாக்கம் ஏரிக்கரையில். வீட்டோடு எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஏரி, பச்சை வயல், குளிர்ந்த காற்று என்று பழைய காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் ஒருமுறை அவளிடம் பேசிப் பார்த்திருக்க வேண்டும். தாகம் என்றால் வரப்பில் குனிந்து கையைக் குவித்துக்கொண்டு நிற்கவேண்டுமாம். நிலத்துக்காரர் வீட்டு அம்மாள் சொம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவாளாம்.

"சொம்ப கைல குடுக்க மாட்டாங்க தம்பி. எங்க வாயி பட்டா பித்தள ஓட்டயாப் பூடும்னு நெனச்சாங்களோ இன்னாவோ" என்று சொல்லிவிட்டு அவள் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

வயல்கள் மனைகளானதும் கூலி வேலை போயிற்று. புருஷன் உலகநாதன் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஆனான். அதற்கெல்லாம் முன்பே அங்கம்மா இரண்டு முறை உண்டாகியிருந்தாள். ஒன்று வயிற்றிலேயே போயிற்று. இன்னொன்று பிறந்து, பெயர் வைப்பதற்குள் போயிற்று. எதைப் பற்றியும் சத்தமாகப் பேசுகிற அவள் அதைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

குழந்தை வளர்ப்பது என்பது அவள் தேடிப்போன வேலை அல்ல. பக்கத்து வீட்டு சொர்ணம் ஒரு துணி கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டினாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட, கம்பெனி சங்கு ஊதுகிற நேரம், வேறு வழி தெரியாமல் கைக்குழந்தையை அங்கம்மா மடியில் போட்டுவிட்டு ஓடினாள். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் குழந்தை குளித்து, பொட்டு வைத்து, வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாளும் கொண்டுவந்து விட்டாள். அந்த வருஷமே எஸ்டேட்டுக்குப் போகிற மற்ற பெண்களும் வரத் தொடங்கினார்கள். கொடுத்ததை அங்கம்மா வாங்கிக்கொள்வாள். கொடுக்காத மாதம் அவளாகக் கேட்டதில்லை.

ஒற்றை அறை. உத்தரத்தில் எப்போதும் இரண்டு புடவைத் தூளிகள் ஆடும். தரையில் நாலைந்து உருளும். அடிபம்பில் வருகிற தண்ணீர் துருவேறி மஞ்சளாக இருக்கும். ஒரு கோடையில் வயிற்றுப்போக்கு பரவி, அடுத்த தெருவில் ஒரு குழந்தை செத்துப்போனது. அதிலிருந்து அங்கம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். பால்புட்டியின் ரப்பர் கீழே விழுந்தால் பம்புத் தண்ணீரில் கழுவமாட்டாள். தன் வாயில் போட்டு நன்றாகச் சப்பித் துடைத்துவிட்டுக் குழந்தை வாயில் வைப்பாள். பால் சூடு ஆறிவிட்டதா என்று பார்ப்பதும் வாயால்தான்.

"என் வாய உட சுத்தமா இன்னா கீது இந்தத் தெருவுல?" என்பாள். அம்மாக்கள் கண்ணெதிரே இது நடக்கும். நிம்மதியாகக் கம்பெனிக்குப் போவார்கள்.

பல் முளைத்த குழந்தைகளுக்கு மென்று ஊட்டுவாள். முறுக்கு, வேர்க்கடலை, கொஞ்சம் பெரிய இட்லித் துண்டு எதுவானாலும் அவள் வாயில் ஒரு சுற்று சுற்றி, கூழாகி, விரல்நுனியில் ஏறிக் குழந்தையின் வாய்க்குப் போகும். மதியம் எல்லாருக்கும் சர்க்கரைத் தண்ணீர் புட்டி. சர்க்கரையைப் பெற்றவர்களே பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். "நல்லா இனிப்பா குடுக்கா, அப்பதான் தூங்கும்" என்பாள் சொர்ணம். வரிசையாகப் படுத்திருக்கும் குழந்தைகள் வாயில் புட்டியோடு கண்ணைச் சொருகும். புட்டி தானாக நழுவி விழும்வரை அங்கம்மா எடுக்கமாட்டாள். எடுத்தால் விழித்துக்கொள்ளுமாம்.

அவளுடைய பற்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டு, பாதி பற்கள் சொத்தை, மீதியில் பெரும்பாலும் ஆட்டம். குழிகளில் கிராம்பை நசுக்கி அடைத்துக்கொள்வாள். சில நாள் தாடையோடு தலையைச் சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள். அப்போதும் இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும்.

தொண்ணூறில் சகாயமேரியின் மகள் ரெஜினா அவளிடம் வந்தாள். சகாயமேரி ஸ்விட்ச் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். புருஷன் கிறிஸ்துராஜுக்கு ஆவடியில் வேலை. எல்லாக் குழந்தையும் ஒன்றுதான் என்று அங்கம்மா சொல்லிக்கொள்வாள். பொய். ரெஜினா என்றால் அவளுக்கு உயிர். அங்கம்மாவின் காதுமடலைப் பிடித்துக்கொண்டால்தான் அந்தப் பெண் தூங்கும். முதலில் பேசிய சொல் "அங்கா". சகாயமேரி அதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் முகம் சிரிக்கவில்லை.

ரெஜினாவுக்கும் பற்கள் கறுத்தன. யாரும் கவலைப்படவில்லை. மூன்று வயதில் வலி என்று அழ ஆரம்பித்தாள். சோற்றைத் தள்ளிவிட்டாள். பக்கத்து டாக்டர் ஒரு ரோஸ் கலர் சிரப் கொடுத்தார். தேனாக இனிக்கும். குழந்தை இன்னும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். மருந்து தீர்ந்தது, கன்னம் வீங்கியது.

ஒரு நாள் காலை எதிர்வீட்டிலிருந்து அங்கம்மா என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ரெஜினாவின் ஒரு பக்க முகம் உப்பி, கண் மூடிக்கிடந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. சகாயமேரி அப்போதுதான் கம்பெனிக்குப் போயிருந்தாள். மற்ற குழந்தைகளை என் மனைவியிடம் தள்ளிவிட்டு, அங்கம்மா அந்தப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினாள். நான் ஆட்டோ பிடித்தேன். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிவரை அவள் வாய் ஓயவில்லை. "எந்தாயி, கண்ணத் தொற, அங்காவப் பாரு, எந்தாயி" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பல்லில் பிடித்த சீழ் கன்னத்துக்கு ஏறிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் பிழைப்பதே கஷ்டம் என்றார் அங்கிருந்த டாக்டர். பால்பல்லில் இவ்வளவு வருமா என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கன்னத்தைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். முன்பற்கள் நான்கையும் பிடுங்கினார்கள். தகவல் கேட்டு ஓடிவந்த சகாயமேரி, வார்டு வாசலிலேயே அங்கம்மாவைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லன்னா எம் பொண்ணு எனுக்கு இல்லக்கா" என்று அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதால் கேட்டது அது.

இந்த விஷயம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பால்ராஜை உலுக்கிவிட்டது. நல்ல மனுஷன். யார் யாரையோ பார்த்து ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர்களை வரவழைத்து, சங்கக் கொட்டகையில் இலவச முகாம் ஏற்பாடு செய்தார். மைக் செட், சீரியல் விளக்கு எல்லாம் கட்டி, கல்யாணவீடு மாதிரி ஆக்கிவிட்டார்.

பேசவந்த டாக்டரம்மா சின்னப் பெண். படித்ததை எல்லாம் எங்களுக்குச் சொல்லிவிடவேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது. நன்றாகவே சொன்னாள், குறை சொல்லமாட்டேன். பிறக்கும்போது குழந்தையின் வாயில் சொத்தைக் கிருமி கிடையாது என்றாள். பல் முளைத்த பிறகுதான் அது உட்கார இடம் கிடைக்கிறது. பல்தான் அதற்கு நாற்காலி, பல் இல்லாத வாயில் அதற்குப் பிழைப்பு இல்லை. சர்க்கரை அதற்குச் சாப்பாடு. தின்றுவிட்டு அது புளிப்பைக் கக்கும். அந்தப் புளிப்புதான் பல்லை அரிக்கிறது. ஆகவே புட்டியோடு தூங்கவைக்காதீர்கள், சர்க்கரை சேர்க்காதீர்கள், முதல் பல் தெரிந்ததுமே ஈரத்துணியால் துடையுங்கள், அப்புறம் பிரஷ் பிடிக்கப் பழக்குங்கள், பால்பல் என்று அலட்சியமாக விடாதீர்கள் என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சரி, இந்தக் கிருமி குழந்தைக்கு எங்கேர்ந்து வருது? பெரியவங்க எச்சில்லேர்ந்துதான் வருது" என்றாள் மைக்கில். "அம்மா ருசி பாத்த ஸ்பூன், வாயில வச்சுத் துடைச்ச நிப்பிள், மென்னு கொடுக்கற சாப்பாடு. வளக்கறவங்க வாய் சுத்தமா இல்லைன்னா குழந்தைக்கும் வந்துடும்."

முன்வரிசையில் ரெஜினாவை மடியில் வைத்துக்கொண்டிருந்த அங்கம்மா எழுந்தாள். அவளுக்குத்தான் மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதே. "நாந்தாம்மா இந்தக் கொயந்தைங்கள வளக்கறேன். மென்னுதான் குடுப்பேன். அப்ப என் வாயிலருந்தா பூந்துச்சு?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

டாக்டரம்மாவுக்கு நல்ல உதாரணம் கிடைத்த சந்தோஷம். அங்கம்மாவை மேடைக்குக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தாள். "பாருங்க, இந்தம்மா வாயில எவ்வளவு சொத்தைன்னு. இவங்க எச்சில் குழந்தை வாய்க்குப் போனா என்ன ஆகும்?" என்று மைக்கில் கேட்டாள். ஒலிபெருக்கி மூலம் அது ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு அது கிருமியைப் பற்றிய பேச்சு. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழுந்தது வேறு. எச்சில் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கிற அர்த்தம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. யார் எச்சிலை யார் தொடலாம், யார் குடித்த டம்ளரை யார் கழுவவேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது. டாக்டரம்மா பத்து விஷயம் சொன்னாள். ஒன்பதைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு எங்கள் ஜனங்கள் அந்த ஒன்றை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

மறுநாள் பம்படியில் சொர்ணம்தான் ஆரம்பித்தாள். "இத்தினி நாளா எம் புள்ளைங்களுக்கு எச்ச சோறு போட்டுகினு இருந்துருக்கா பாரு. அவ ஆளுங்க எச்ச! எங்கூட்டாளு கேட்டா வெட்டிப்புடுவாரு." அங்கம்மா மென்று ஊட்டியதை அவள் பத்து வருஷமாகக் கண்ணால் பார்த்தவள். சர்க்கரையைப் பொட்டலம் கட்டித் தந்தவளும் அவள்தான். இனிப்பைப் பற்றி பம்படியில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இனிப்பு என்றால் குற்றம் அவர்கள் வீட்டு டப்பாவில் இருக்கிறது. எச்சில் என்றால் அங்கம்மா வாயில் இருக்கிறது. எது வசதி?

பால்ராஜ் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பார்த்தார். "ஏம்பா, சர்ச்ல நாங்க எல்லாரும் ஒரே கிண்ணத்துல வாய வெச்சுக் குடிக்கிறோம், எவன் செத்தான்? அந்தம்மா சொன்னது பல்லப் பத்தி. அத்தப் புரிஞ்சிக்காம இன்னாத்துக்கு இப்டிப் பேசறீங்க?" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அந்த வாரமே அவருடைய மருமகள் தன் பிள்ளையை அங்கம்மாவிடமிருந்து நிறுத்தினாள்.

ஒருத்தியும் நேராகச் சொல்லவில்லை. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாள் என்றாள் ஒருத்தி. வேலையை விடப்போகிறேன் என்றாள் இன்னொருத்தி. கொஞ்ச நாளில் அந்தக் குழந்தைகள் எல்லாம் அம்பத்தூர் போகிற வழியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பிள்ளைக் காப்பகத்துக்குப் போவதை நான் வாசலிலிருந்து பார்த்தேன். அங்கே நாற்காலி, பொம்மை, யூனிபார்ம் போட்ட ஆயா எல்லாம் உண்டு. அழுதால் க்ரீம் பிஸ்கட் கொடுப்பார்கள். அடுத்த வருஷம் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கும் முன்பல் கறுத்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

இவ்வளவுக்கும், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னபடி செய்தவள் அங்கம்மா ஒருத்திதான். மறுநாளே புட்டிகளைத் தூக்கிப் போட்டாள். அவரவருக்குத் தனி டம்ளர், தனிக் கரண்டி. பிள்ளைகள் தின்றதும் ஈரத்துணியை விரலில் சுற்றி ஒவ்வொரு வாயாகத் துடைத்தாள். புகையிலையை விட்டாள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு குழந்தைகளிடம் போனாள். மென்று ஊட்டுவதை நிறுத்திவிட்டு அம்மியில் நசுக்கி ஊட்டினாள். இத்தனையும் செய்து முடிப்பதற்குள் அவளிடம் மிச்சம் இருந்த குழந்தை ரெஜினா மட்டும்தான்.

சகாயமேரி கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தாள். கிறிஸ்துராஜ்தான் விடவில்லை. ஒரு நாள் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "அண்ணாத்தே, நீங்களே சொல்லுங்க, போற எடத்துல எல்லாம் கேக்கறானுங்க, உம் பொண்ணு அவ எச்சிலத் துன்னுதான் வளந்துச்சான்னு. நான் இன்னா பதில் சொல்றது?" என்றான். "உம் பொண்ணு உசிரோட இருக்கறதே அவளாலதான்னு சொல்லு" என்றேன். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அந்த மாத முடிவில் ரெஜினாவும் காப்பகத்துக்குப் போனாள். முதல் நாள் அவள் "அங்கா" என்று கத்திய கத்தல் தெருமுனை தாண்டியும் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. தூளிப் புடவைகள் அவிழ்க்கப்படாமலே தொங்கின. அங்கம்மா சமைப்பதைக்கூட விட்டுவிட்டாள். உலகநாதன் டீக்கடையிலிருந்து எதையாவது வாங்கிவந்து வைப்பான். நான் பேப்பரை உள்ளே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் அவளே என் வீட்டுக்கு வந்தாள். "தம்பி, அந்த பல் டாக்டருங்க கீற ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸு போவும்?"

"பல்லு வலியாக்கா?"

"இல்ல. புடுங்கிகினு வரணும்."

"எந்தப் பல்ல?"

"எல்லாத்தயும்" என்றாள். "அந்த டாக்டரம்மா சொல்லிச்சே, பல்லு இருந்தாத்தான் கிருமி குந்தும்னு. பல்லே இல்லன்னா எங்க குந்தும்? என் வாயில ஒண்ணும் இல்லன்னு ஆய்ட்டா மேரி புள்ளய உடுவா இல்ல?"

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா சொன்னது அதுதான். ஆனால் சகாயமேரி விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு, மாத்திரை சாப்பிடு, சொத்தையை அடைத்துக்கொள்ளலாம், இந்த வயதில் பல் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவாய் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே போனேன்.

ஒரே தடவையில் பிடுங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பல தடவை போனோம். பஸ்ஸில் திரும்பும்போது வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, ரத்தம் படிந்த முந்தானையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. கடைசியில் கீழ்வரிசையில் நல்ல பல் இரண்டு மிஞ்சின. அதைத் தொடமாட்டேன் என்றார் டாக்டர். உறுதியாக இருக்கிறது, எதற்காகப் பிடுங்கவேண்டும் என்று கேட்டார். அங்கம்மா தாடையைப் பிடித்துக்கொண்டு அழுது, அந்த இரண்டும்தான் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்று சாதித்தாள். வாழ்நாளில் அவள் வலிக்கிறது என்று அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் பொய்.

வாய் ஆறும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஒரு சாயங்காலம் தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு, சகாயமேரி வீட்டு வாசலில் போய் நின்றாள். எனக்கு அன்று லீவு. கூட வா தம்பி என்று என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். காப்பகத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு அப்போதுதான் சகாயமேரி வந்தாள். ரெஜினா கையில் பாதி கடித்த பன் இருந்தது.

கன்னம் ஒட்டி, உதடு உள்ளே போய், மூக்கும் மோவாயும் நெருங்கிக் கிடந்த அந்த முகத்தைச் சகாயமேரிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் "அய்யோ, இன்னாக்கா பண்ணிகின?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கம்மா வாயை ஆவென்று திறந்து காட்டினாள். "பாரு மேரி. நல்லாப் பாரு. ஒண்ணு கூட இல்ல. இனிமே கிருமி குந்த எடமில்ல" என்றாள். சொற்கள் காற்றோடு கலந்து கொழகொழவென்று வந்தன. "புட்டிய உட்டாச்சு, பொயலய உட்டாச்சு. தனி டம்ளரு வெச்சிகீறேன். நாளிக்குப் புள்ளய கொண்டாந்து உடறியா?"

சகாயமேரி அழுதாள். நிஜமாகவே அழுதாள், அதில் நடிப்பில்லை. "பல்லுக்காக இல்லக்கா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அவரு ஒத்துக்க மாட்டாரு. அவங்க ஊட்டு ஆளுங்க வேற... எச்சில்னா அவங்க அத்த வேற மாரி எடுத்துக்கறாங்க. நீ... உங்க ஆளுங்க..." அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். சாதி என்ற சொல்லை விழுங்கிவிட்டு அவள் நின்றாள். பல்லைப் பிடுங்கிவிடலாம், அதை எந்த ஆஸ்பத்திரியில் பிடுங்குவது?

அங்கம்மா திறந்து காட்டிய வாயை மெதுவாக மூடினாள். எனக்கு அப்போது சகாயமேரி மேல் வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் அந்தக் கோபத்தால் அல்ல, எதிரே தலைகுனிந்து நின்ற அந்த வயதான பெண்ணை ஏறிட்டுப் பார்க்க முடியாமல்தான் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ரெஜினா இதற்குள் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்து அங்கம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். புது முகத்தைக் கண்டு அவள் பயப்படவே இல்லை. அண்ணாந்து, அந்த வெறும் வாயை வேடிக்கை பார்த்தாள். தனக்கும் முன்பல் இல்லை, அங்காவுக்கும் இல்லை என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். பன்னைத் தூக்கிப் பிடித்து, "அங்கா, ஆ காட்டு" என்றாள்.

அங்கம்மா ஓரடி பின்னால் போனாள். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"வேணாம் கண்ணு. எச்சிலாப் பூடும்."

"எச்சில்னா இன்னா?" என்று கேட்டாள் ரெஜினா.

சகாயமேரி சாவியை எடுத்துக்கொண்டு பூட்டின் பக்கம் திரும்பினாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

"நாந்தாண்டா" என்றாள் அங்கம்மா. காலைச் சுற்றியிருந்த சின்னக் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, தெருவைக் கடந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் எந்தக் குழந்தையையும் தொட்டு நான் பார்க்கவில்லை.